கிணற்றடியில் ஒரு முழு ரீல்

"ஜாலான்! ஜாலான்!"

ஆண்கள் பக்கத்திலிருந்து அந்தக் குரல் வந்தபோது, திரையில் ஒரு பெண் கிணற்றுக்குள் வாளியை இறக்கிக்கொண்டிருந்தாள். குரலோடு சேர்ந்து மரக் கம்பியில் இரண்டு தட்டு. டொக், டொக். மலாயில் 'போ, போ' என்று பஸ்ஸைக் கிளப்பச் சொல்லிக் கண்டக்டர் தட்டுகிற அதே தட்டு. கொட்டகையே சிரித்தது.

நான் சிரிக்கவில்லை. தட்டியது யார் கை என்று எனக்குத் தெரியும். செமாபோக் போகிற பஸ்ஸில் கண்டக்டராக இருந்த தங்கவேலு. முந்தின வாரம்தான் தன் அம்மாவோடு எங்கள் வீட்டுக்கு வந்து, என்னைப் பார்த்து, என் அம்மா சுட்ட அதிரசத்தில் ஒன்றுகூட மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டு, "பொண்ணு புடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போன மாப்பிள்ளை.

எனக்குப் புடிச்சிருக்கா என்று கேட்க வேண்டிய முறை இன்னும் பாக்கி இருந்தது. எங்கள் தெருவில் அதற்கென்று ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்த்த மறு வாரம் இரண்டு குடும்பமும் சேர்ந்து ஒரு மாட்டினி படம் பார்க்கும். படம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் பெண் பதில் சொல்ல வேண்டும். வெளிச்சத்தில் எல்லா ஆம்பளையும் நல்லவன்தான், விளக்கை அணைத்தால்தான் குணம் தெரியும் என்பது என் அம்மாவின் தத்துவம்.

நான் பதிலை முன்கூட்டியே தயார் செய்து வைத்திருந்தேன். 'வேண்டாம்.' காரணம், அந்த மனுசன் பேசிய பேச்சு. பெண் பார்க்க வந்த இடத்தில் ஏதோ ஒரு படத்து வசனத்தை மூச்சு விடாமல் ஒப்பித்தார். அப்பா கைதட்டினார். நான் காப்பித் தட்டோடு நின்றுகொண்டே இருந்தேன். தட்டை வாங்கிக்கொள்ளக்கூட அவருக்கு இடைவெளி கிடைக்கவில்லை.

அவரவர் பசி

அப்போது நாடு மெர்டேக்கா ஆகி அதிக நாள் ஆகியிருக்கவில்லை. மலாக்காவில் எங்கள் காஜா பெராங் சாலையில் கட்டிய தோரணங்கள் மழையில் சாயம் போய்த் தொங்கிக்கொண்டிருந்தன. கட்ட ஆயிரம் பேர் வந்தார்கள், அவிழ்ப்பது யார் வேலை என்று மட்டும் முடிவாகவில்லை. நாட்டுக்கு விடுதலை கிடைத்த சூட்டோடு என்னைக் கட்டிக் கொடுத்துவிடுவதென்று வீட்டில் தீர்மானம் போட்டிருந்தார்கள்.

அப்பாவுக்குத் தையற்கடை. கடை முன்னால், வீடு பின்னால், நடுவில் ஒரு திரைச்சீலை. கொட்டகைக்கு அவர் போவது சட்டை பார்க்க. கதாநாயகன் உயிரை விட்டுக்கொண்டிருப்பான், அப்பா என் தோளைத் தட்டி, "காலர பாரு, எப்பிடி நிக்கிது" என்பார்.

அம்மா போவது அழ. வீட்டில் அழுதால் ஏன், எதற்கு என்று பத்துப் பேர் கேட்பார்கள். கொட்டகையில் யாரும் கேட்பதில்லை. முந்தானை எவ்வளவு நனைந்தது என்பதுதான் அவள் போடும் மார்க்.

ஆண்கள் போவது வசனத்துக்கு. அந்தக் காலத்துப் படத்தில் ஒருவன் பேச ஆரம்பித்தால் டீ குடித்துவிட்டு வரலாம், திரும்பி வரும்போது அதே வாக்கியத்தில் இருப்பான். அதை அப்படியே மனப்பாடம் செய்து மறுநாள் கடை வாசல் அஞ்சடி நடைபாதையில் நின்று ஒப்பிப்பார்கள். கேட்க ஆள் இல்லாவிட்டால் லாம்பு கம்பத்திடம் ஒப்பிப்பார்கள்.

மெதுவான பழைய படங்கள் காவியமா, தூக்க மாத்திரையா என்று இந்தப் பத்திரிகையில் வாசகர்கள் சில வாரமாக மோதிக்கொள்கிறார்கள். இரண்டு கட்சியும் ஒரே படத்தைப் பார்த்ததாக நினைப்பதுதான் சண்டைக்குக் காரணம். ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும் அப்பா பார்த்த படம் வேறு, அம்மா பார்த்த படம் வேறு. வேகமான படம் ஒட்டுக்கடைச் சாப்பாடு, போனதும் கிடைக்கும். மெதுவான படத்துக்குக் கட்டுச்சோறு நாமே கொண்டுபோக வேண்டும். வெறுங்கையோடு போனவன்தான் 'ஓட்டுடா ரீல' என்று கத்துகிறான்.

இந்த ஞானம் எனக்கு வந்த விதத்தைத்தான் சொல்லப்போகிறேன். படத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் இரண்டு கட்சியும் என் வீட்டு வாசலுக்கு வந்துவிடும்.

ஆப்பா டியா சாக்காப்?

எங்கள் பக்கத்து வீட்டுக்காரி தேவி மாக்சிக். மாக்சிக் என்றால் அத்தை மாதிரி. மலாக்கா செட்டி, எந்தக் காலத்திலோ கப்பலேறி வந்து மலாய் பேசப் பழகிவிட்ட தமிழ் வம்சம். சாரோங்கும் கெபாயாவும் கட்டி, கொண்டையில் பூ வைத்து, மாரியம்மன் கோயிலுக்கு எங்களுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருப்பாள். பொங்கலா, படையலா, ஒரு முறைகூடத் தவறாது. தமிழ் மட்டும் தெரியாது. பேச்செல்லாம் மலாய், இடையிடையே உப்புக்கல் போல ஒரு தமிழ்ச் சொல் வரும். தமிழை வாய் கிழியப் பேசுகிற நாங்கள்தான் பூசை முடிந்து பிரசாதத்துக்குப் போய்ச் சேருவோம்.

மாக்சிக்குக்குத் தமிழ்ப் படம் என்றால் உயிர். செட்டிகள் குடியிருந்த கம்பத்துப் பெண்களைக் கூட்டிக்கொண்டு மாட்டினிக்கு வருவாள். என்னையும் இழுத்துக்கொண்டு போவாள். நான்தான் அவர்களுக்கு வாய்.

திரையில் ஒருவன் வாயைத் திறந்ததும் என் விலாவில் முழங்கை இடிக்கும். "ஆப்பா டியா சாக்காப்?" என்ன சொல்கிறான் என்று அர்த்தம். நான் மலாயில் சொல்வேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அவன் அடுத்த பத்து வரியைப் பேசியிருப்பான். ஓடிப் பிடிக்க வேண்டும். தென்றல், திங்கள், தேன்மொழி என்று அவன் அடுக்குவதை எந்த மலாயில் சொல்வது? 'காற்று நன்றாக இருக்கிறதாம்' என்று முடித்துவிடுவேன். "இத்தனை நேரம் அதையா சொன்னான்?" என்று மாக்சிக் சந்தேகமாகப் பார்ப்பாள்.

கூலி உண்டு. வாழையிலையில் மடித்த குவே. தேங்காயும் வெல்லமும் வைத்த அந்தப் பலகாரத்துக்காக எந்த வசனத்தையும் மொழிபெயர்க்கலாம்.

ஆனால் ஒன்று. பத்தொன்பது வயதுக்குள் எத்தனையோ படத்துக்குப் போயிருக்கிறேன், ஒரு படத்தையும் பார்த்ததில்லை. காதில் வாங்கி வாயில் கொடுத்ததோடு சரி. கதாநாயகி என்ன நிறப் பொட்டு வைத்திருந்தாள் என்று கேட்டால் முழிப்பேன். அதை யாரிடம் போய்ச் சொல்வது? படத்துக்கு வாராவாரம் போகிறவள் படமே பார்த்ததில்லை என்றால் சிரிப்பார்கள்.

சுவாரா ரோசாக்

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

கொட்டகையில் நடுவே ஒரு மரக் கம்பித் தடுப்பு. இந்தப் பக்கம் பெண்கள், அந்தப் பக்கம் ஆண்கள். நான், அம்மா, தங்கவேலுவின் அம்மா, எனக்கு மறுபக்கம் மாக்சிக்கும் அவள் கூட்டமும். கல்யாணப் பேச்சு நடக்கும் படத்துக்கு மாக்சிக்கைக் கூப்பிட்டிருக்கக் கூடாது என்று அம்மாவுக்கு முணுமுணுப்பு. யாரும் கூப்பிடவில்லை, அவள் வந்துவிட்டாள். தடுப்பை ஒட்டி அந்தப் பக்கத்தில் அப்பாவும் மாப்பிள்ளையும்.

படம் ஆரம்பத்திலிருந்தே ஆமை. ஒரு வீடு. புருசன் பெண்டாட்டி. அவன் ஏதோ வழக்குக்காகப் பட்டணம் கிளம்புகிறான். கிளம்புகிறான், கிளம்புகிறான், செருப்பை மாட்டுவதற்குள் முன்பெஞ்சில் ஒருவன் கொட்டாவி விட்டது எங்களுக்குக் கேட்டது.

அவன் மனைவியிடம் விடைபெற வாயைத் திறந்தான். திரைக்குப் பின்னால் 'டப்' என்று ஒரு சத்தம். அப்புறம் கருகின வாடை. படம் ஓடிக்கொண்டிருந்தது, குரல் போய்விட்டது.

விசில், கூச்சல், பெஞ்சுத் தட்டல். கொட்டகை முதலாளி தவுக்கே கையில் டார்ச்லைட்டோடு ஓடிவந்தார். "சுவாரா ரோசாக்!" சத்தம் கெட்டுப்போச்சு என்று அறிவித்தார். சரி செய்கிற ஆள் எங்கோ கல்யாணத்துக்குப் போய்விட்டானாம். படப்பெட்டி சாயங்காலமே லோரி ஏறி அடுத்த ஊருக்குப் போகவேண்டுமாம். மலாக்காவில் அந்தப் படத்துக்கு அந்த ஒரு காட்சிதான். "இருக்கிறவன் இரு, போகிறவன் போ" என்று மலாயில் சொல்லிவிட்டு அவரே போய்விட்டார்.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே விசிறியாவது சுற்றியது.

திரையில் கதாநாயகன் மீன் மாதிரி வாயை வாயைத் திறந்தான். அப்போது தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கணீர்க் குரல் கிளம்பியது.

"கண்ணே! கடல் வற்றினாலும் என் காதல் வற்றாது! சென்று, வென்று, திரும்பி வருவேன்!"

தங்கவேலுதான். கதாநாயகனின் வாயசைவுக்கு இவர் வசனம் போடுகிறார். ஆண்கள் பக்கம் கைதட்டல் பறந்தது. மாப்பிள்ளையின் அம்மா பெருமையாக என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

என் விலாவில் முழங்கை. "ஆப்பா டியா சாக்காப்?"

வழக்கமான தொண்டையில்தான் சொன்னேன். "கடைக்குப் போறானாம், சோத்த மூடி வைக்கச் சொல்றான்" என்று மலாயில். படத்துச் சத்தம் இல்லாததால் அது கொட்டகை முழுக்கக் கேட்டது. செட்டிப் பெண்கள் குலுங்கிச் சிரித்தார்கள். ஆண்கள் பக்கத்திலும் சிலர் சிரித்தார்கள். மலாய் தெரியாதவன் மலாக்காவில் ஏது?

அந்தப் பக்கம் குரல் இன்னும் ஏறியது. "வீரனுக்கு இல்லம் எதற்கு? வெற்றி அழைக்கிறது, விடை கொடு!"

நான்: "பஸ்சு போயிருமாம், சீக்கிரம் காசு குடுன்னு கேக்கிறான்."

இப்போது முழுக் கொட்டகையும் சிரித்தது. அம்மா என் தொடையைக் கிள்ளினாள். மாக்சிக் என் கையில் ஒரு குவேயை வைத்தாள்.

திரையில் காட்சி மாறி, புருசன் வழியில் ஒரு சத்திரத்தில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தான். எதிரே சோறு போடுகிறவனிடம் ஏதோ சொன்னான். தங்கவேலு அந்த வாய்க்கு வசனம் கொடுத்தார். "நான் ஒன்று சொல்ல, நீ ஒன்று சொல்கிறாயே பெண்ணே! என் வார்த்தையை மாற்ற உனக்கு யார் அதிகாரம் தந்தது?"

சோறு போடுகிறவன் மீசை வைத்தவன். கேள்வி யாருக்கு என்று எல்லாருக்கும் புரிந்தது.

"கறி இன்னும் கொஞ்சம் ஊத்தச் சொல்றான்" என்றேன்.

அந்தப் பக்கத்தில் ஒரு பெரிய சிரிப்பு வெடித்தது. அது தங்கவேலுவின் சிரிப்பு. கோபம் இல்லாத சிரிப்பு. எனக்கு அது கொஞ்சம் பிடித்திருந்தது, ஏன் பொய் சொல்லவேண்டும்? ஆனால் என் பதில் மாறவில்லை. வேடிக்கைக்குச் சரி, இந்த வாயோடு ஆயுசு முழுக்க எப்படி?

கிணற்றடி

அப்புறம்தான் அந்த ரீல் வந்தது.

புருசன் போய் ரொம்ப நாளாகிவிட்டது. அவள் கிணற்றடிக்கு வருகிறாள். குடங்களை வைக்கிறாள். வாளியை இறக்குகிறாள். இறைக்கிறாள். ஒரு குடம் நிறைகிறது. பாதையைப் பார்க்கிறாள். ஒரு காக்கை வந்து சுவரில் உட்கார்கிறது. மறுபடி வாளி இறங்குகிறது. அவள் உதடு ஒரு தடவைகூட அசையவில்லை.

அசையாத உதட்டுக்கு என்ன வசனம் போடுவது? தங்கவேலு சும்மா இருக்கவில்லை. டொக், டொக். "ஜாலான்! ஜாலான்!" கொட்டகை சிரித்தது. "அடுத்த கொடம் ஏறு! காலி கொடமெல்லாம் பின்னால போ! படியில நிக்காத காக்கா, உள்ள வா!"

முன்பெஞ்சு உருண்டு புரண்டது. அப்பாகூடச் சிரித்தார்.

நான் மாக்சிக்கின் முழங்கைக்குக் காத்திருந்தேன். வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவளும் அவள் கூட்டமும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நான் தேவைப்படவில்லை. யாரும் பேசாத ஒரு தமிழ்ப் படம் அவர்களுக்காகவே வந்ததுபோல் இருந்தது.

எனக்கு வேலை இல்லை. நானும் பார்த்தேன்.

அவள் பொட்டு சிறியது. கையில் கயிறு உரசிய தழும்பு. ஈரக் கையைப் புடவையில் துடைக்காமல் பின்கழுத்தில் துடைத்துக்கொள்கிறாள். நானும் அப்படித்தான் துடைப்பேன். எங்கள் தெருக் குழாயடியில் குடத்தோடு நான் நிற்கும்போது அம்மா வாசலிலிருந்து கத்துவாள்: "ஆமை! ஒரு கொடத்துக்கு ஒரு யுகமா? எவன் ஒன்னைய கட்டுவான்?" வீட்டில் எனக்கு ஆமை என்றே பெயர். தலை வாருவதிலும் ஆமை, தண்ணீர் எடுப்பதிலும் ஆமை. அங்கே திரையில் ஒருத்தி என்னைப்போலவே நிற்கிறாள். நூறு ஆண்கள் அவளைப் பார்த்துச் 'சீக்கிரம்' என்று கத்துகிறார்கள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

டொக், டொக். "ஜாலான்..."

எழுந்து நின்றேன். "டியாம்!"

வாயை மூடு என்று மலாயில். தமிழில் சொல்லியிருந்தால் பேசாதீங்க என்று மரியாதையோடு வந்து தொலைத்திருக்கும். மலாயில் வந்ததால் செருப்பு மாதிரி போய் விழுந்தது.

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் உட்காராமல் நின்றேன்.

தடுப்புக் கம்பியின்மேல் அந்தக் கை தெரிந்தது. தட்டுவதற்குத் தூக்கிய கை. அப்படியே நின்றது. பிறகு சத்தமில்லாமல் கம்பியின்மேல் படிந்தது.

அதற்கப்புறம் ஒருவரும் பேசவில்லை. விசிறிச் சத்தம், படம் ஓடும் இயந்திரத்தின் சத்தம். அவள் குடங்களை நிறைத்தாள். கடைசியாக இன்னொரு வாளி இறைத்தாள். அதைக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். குடத்தில் ஊற்றவில்லை. கிணற்றிலேயே திரும்பக் கொட்டினாள். குடங்களைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மாக்சிக் ஒரு பெருமூச்சு விட்டாள். "இப்பத்தான் அவளுக்குத் தெளிஞ்சிச்சு" என்று மலாயில் சொன்னாள், யாரும் கேட்காமலே.

கடைசி ரீலில் புருசன் திரும்பி வந்து நிறைய வாயசைத்தான். அவனுக்குக் குரல் கொடுக்க ஆள் இல்லை.

வீட்டுக்கு ஒரு வாய்

வெளியே வந்ததும் தங்கவேலுவின் அம்மா என்னை விட்டுவிட்டு என் அம்மாவிடம் பேசினாள்.

"எங்க மவனுக்கு வாயி இருக்கு. வூட்டுக்கு ஒரு வாயி போதும்லா. நீங்க வேற எடம் பாத்துக்குங்க."

அவ்வளவுதான். நான் சொல்லத் தயாராக வைத்திருந்த பதிலை அவர்களே சொல்லிவிட்டார்கள். எனக்குச் சந்தோசமாக இருந்திருக்கவேண்டும். இல்லை. சோறு இறங்கவில்லை.

என் வாழ்க்கையில் நான் சொல்லி ஒரு ஆள் வாயை மூடியது அதுதான் முதல் தடவை. அப்பா மூடியதில்லை, அம்மாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நூறு பேர் சிரிப்பை விட்டுவிட்டு, ஒரு பெண் சொன்னாள் என்று கையைக் கீழே இறக்கினாரே, அந்த மனுசன் எனக்கு வேண்டும் என்று தோன்றியது. தோன்றிய நேரத்தில் அவர் குடும்பம் செமாபோக் பஸ் ஏறிவிட்டது.

யாரிடம் சொல்வது? 'ஊர் பூரா கேக்க மாப்பிள்ளைய அதட்டினவ' என்ற பட்டம் எனக்குக் கிடைத்துவிட்டது. இனி ஒரு வாயில்லாப் பூச்சிகூட வராது என்று அம்மா மூக்கைச் சிந்தினாள். அப்பா தையல் மெஷினை வழக்கத்தைவிட வேகமாக மிதித்தார்.

காஜா பெராங்கில் அந்தப் படத்தைப் பற்றிய பேச்சு மட்டும் ஓய்ந்தபாடில்லை. பார்த்தவர்கள் பாதிப்பேர் 'இழுவை' என்றார்கள். மீதிப்பேர் 'அந்தக் கிணற்றடி இருக்கே' என்று ஆரம்பித்து, மேலே சொல்லத் தெரியாமல் கையை ஆட்டினார்கள். பார்க்காதவர்கள் இரண்டு கட்சியிலும் இருந்தார்கள், அவர்கள்தான் ரொம்பச் சத்தம்.

நல்ல சிலுவார்

ஒரு பகல் நேரம். நான் திரைச்சீலைக்குப் பின்னால் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். கடையில் ஒரு குரல்.

"டெய்லரய்யா, இந்தச் சிலுவார் கொஞ்சம் நீளமா இருக்கு. பாருங்க."

என் விரலில் ஊசி ஏறியது. திரைச்சீலை இடுக்கில் கண்ணை வைத்தேன்.

அப்பா கால்சட்டையை வாங்கி விரித்துப் பார்த்தார். பேசவில்லை. அவமானப்பட்டவர் அல்லவா.

"அந்தப் படத்துல ஒரு சந்தேகம்லா" என்றது குரல். வழக்கத்தைவிடச் சத்தம் கொஞ்சம் அதிகம், திரைச்சீலையைத் தாண்டும் அளவுக்கு. "அந்தம்மா கடைசி வாளிய ஏன் கெணத்துலயே கொட்டிச்சு? டிக்கெட்டு கிழிக்கிறப்பகூட அதேதான் மண்டைக்குள்ள ஓடுது. நேத்து ஒரு ஆளுக்கு ரெண்டு தடவ டிக்கெட்டு குடுத்திட்டேன்."

அப்பாவால் பொறுக்க முடியவில்லை. கேள்வி என்று வந்துவிட்டால் அவருக்கு அவமானம் மறந்துவிடும். "வேற என்னா? கொடம் எல்லாம் நெறஞ்சிருச்சு. மிச்சத் தண்ணி. கொட்டிட்டா."

அடுப்படியிலிருந்து அம்மா: "தண்ணிய வீணாக்குற பொம்பள குடும்பத்துக்கு ஆகாது! அதான் புருசன் வரல!"

"வந்துட்டான்ல கடைசில" என்றார் அப்பா.

"நான் என்னா நெனைக்கிறேன்னா" என்றது குரல், "வாளிக்குள்ள தவள இருந்திருக்கும்."

என்னால் அடக்க முடியவில்லை. "தவளையாம்!"

"தவள இல்லன்னா பின்ன என்னா?" என்று திரைச்சீலையைப் பார்த்துக் கேட்டார்.

"அது அவன் குளிக்கிற தண்ணி. தெனம் அவனுக்கும் சேத்து எறச்ச கை. அன்னிக்கும் எறச்சிருச்சு. எறச்சப்பறம்தான் அவன் இல்லன்னு கைக்குத் தெரிஞ்சிருக்கு."

அந்த வாய் யோசித்ததை நான் முதல் தடவையாகக் கேட்டேன்.

"அப்பிடியும் இருக்கலாம்" என்றார் மெதுவாக. "ஆனா தவளைக்கும் சான்ஸ் இருக்கு."

சிரித்துவிட்டேன். அப்பா கால்சட்டையை அவர் இடுப்போடு வைத்து அளந்தார். காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், திரைச்சீலையைப் பார்த்தார்.

"தம்பி, இந்தச் சிலுவார் ஒங்களுக்குச் சரியாத்தான இருக்கு?"

"சரியாத்தான் இருக்கு மாமா."

மாமா என்ற அந்த ஒரு சொல்லில் எல்லாம் வெளியே வந்துவிட்டது. அப்பா கால்சட்டையை மடித்து அவர் கையில் கொடுத்துவிட்டு, "ஒங்கம்மாவ கூட்டிட்டு வாங்க" என்றார்.

அவர் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வர அவருக்குச் சில மாதங்கள் பிடித்தன. என்ன சொல்லிச் சம்மதிக்க வைத்தார் என்று இன்றுவரை சொல்லவில்லை. கல்யாணத்தன்று மாமியார் என் காதில், "வூட்டுக்கு ரெண்டு வாயி ஆச்சு, நான் எங்கிட்டுப் போறது?" என்றாள். அப்புறம் மூன்று வாயும் ஒத்துப் போயிற்று, அது வேறு கதை.

வீசிடி

தவளையா, குளிக்கிற தண்ணீரா? இந்த வழக்கு எங்கள் வீட்டில் தீரவே இல்லை. கோபத்தில் பேசாமல் இருந்த நாட்களில்கூட அவர் கூடத்திலிருந்து "தவள" என்பார், நான் அடுப்படியிலிருந்து "இல்ல" என்பேன். அத்தோடு சண்டை முடியும். மாக்சிக் இருந்தவரை மூன்றாவது கட்சி அவள். அந்தத் தண்ணீர் அவன் குளிக்கிற தண்ணீர்தான், ஆனால் இனிமேல் அவனுக்கு இறைக்கத் தேவையில்லை என்று அவளுக்கு நிம்மதி என்பாள். அவள் புருசனைப் பற்றித் தெரிந்தவர்கள் அதற்குமேல் கேட்பதில்லை.

போன மாதம் எங்கள் மகன் ஒரு வீசிடி கொண்டுவந்தான். "நீங்க ரெண்டு பேரும் காலமெல்லாம் அடிச்சிக்கிறீங்களே, அந்தப் படம்தான்" என்றான். "இப்ப இத பெரிய காவியம்ங்கிறாங்கம்மா. அதுவும் கெணத்தடியில வர்ற அந்தக் கொரலுதான் ரொம்ப பேமஸ்."

"என்னா கொரலு?" என்றேன். "அங்க கொரலே கெடையாது."

அவன் ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

படம் ஓடியது. அதே ஆமை. கதாநாயகன் விடைபெறும் வசனத்தை அன்றுதான் முதல் தடவை கேட்டோம். சுமார்தான், தங்கவேலு சொன்னது இதைவிட நன்றாக இருந்தது. அவர் பிரம்பு நாற்காலியில் சாய்ந்தபடி கைத்தடியால் தரையில் தட்டினார். டொக், டொக். என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

கிணற்றடி வந்தது. வாளி இறங்கியது. உதடு அசையவில்லை.

குரல் எழுந்தது. அவள் மனசு பேசுகிறதாம். பின்னணியில், உருக்கமாக, நிறுத்தி நிறுத்தி, ஒரு குடத்துக்கு ஒரு விளக்கமாகச் சொல்ல ஆரம்பித்தது. எதற்கு வந்தாள், என்ன நினைக்கிறாள், எல்லாம்.

அன்று நாங்கள் பார்த்த மௌனம் படத்தில் இல்லவே இல்லை. தவுக்கேயின் ஒலிபெருக்கி எரிந்ததால் வந்த மௌனம் அது. காஜா பெராங் மொத்தமும், மாக்சிக்கின் பெருமூச்சும், என் 'டியாமு'ம், இந்தக் கல்யாணமும் ஒரு கருகின கம்பியில் தொங்கிக்கொண்டிருந்திருக்கின்றன. இன்னும் சில நிமிடங்களில் அந்தக் குரல் கடைசி வாளிக்கு வந்துவிடும். வந்தால் அதற்கும் காரணம் சொல்லிவிடும். அப்புறம் எங்களுக்கு என்ன மிச்சம் இருக்கும்?

அவர் கண்ணாடியைத் தேடினார். ரிமோட்டைத் தேடினார். பொத்தான்களைத் தடவி ஒன்றை அழுத்தினார். குரல் நின்றது.

"அப்பா! அதான் முக்கியமான எடமே!" என்றான் மகன்.

"டியாம்" என்றார் அவர்.

விசிறி சுற்றியது. அவள் குடங்களை நிறைத்தாள், காக்கை வந்தது, பாதையைப் பார்த்தாள். கடைசி வாளியை இறைத்துக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அவர் கை என் கைமேல் இருந்தது, தட்டவில்லை. அவள் தண்ணீரைக் கிணற்றிலேயே திரும்பக் கொட்டினாள்.

"தவள" என்றார் அவர்.

"இல்ல" என்றேன் நான்.